கைக்கு இரண்டு மாத லீவு

பத்திரிகையில் என் வேலை பிழை திருத்துவது. கூடவே, பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தால் அதை நிரப்புவது. வருவதாகச் சொன்ன விளம்பரம் கடைசி நேரத்தில் வராமல் போனால், பம்பாய் மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீசில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் ஒரு துணுக்கு எழுதிக் கொடுப்பேன். மர ஸ்டூலும் இரும்பு ஸ்டூலும் ஒரே அறையில் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. இரும்பு நம் உடம்புச் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்வதால் அது மட்டும் சில்லென்று இருக்கிறது. தண்ணீரில் கிடந்த விரல் சுருங்குவது நரம்பு பார்க்கும் வேலை. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் அப்படிச் சுருங்காது. இப்படி உடம்பைப் பற்றியும் வீட்டுச் சாமான்களைப் பற்றியும் இருபது வருடமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. அந்தக் குறையை மறைக்கத்தானோ என்னவோ, யாராவது ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொன்னால் எனக்குத் தாங்காது. லோக்கல் ரயிலில் முன்பின் தெரியாதவனைக்கூடத் திருத்தியிருக்கிறேன்.

என் துணுக்குகளுக்கு வீட்டில் ஒரே ஒரு வாசகி. மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தலைப்பு முடிவதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விடும். அதனால் மனைவிதான். சாயங்கால டீயோடு உட்கார்ந்து, விரலால் வரிக்கு வரி தொட்டுக்கொண்டே படிப்பாள். அடுத்த நாள் அதே பத்திரிகையைக் கிழித்து வடை மடிப்பாள். என் அறிவியல் அவள் வடையோடு தாதர் வரைக்கும் போய் வந்தது.

தாராவியில் எங்கள் சந்தில் பாதி வீடுகளுக்கு இட்லி வடைதான் தொழில். மத்தியானம் மாவாட்டி, விடியுமுன்னே அவித்து, தலையில் சுமந்து விற்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அவளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அதைச் செய்துவந்தார்கள். என் சம்பளம் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். வீடு நடந்தது அவள் கையால்.

கொதிக்கிற தண்ணீரைவிட ஆவி மோசமாகச் சுடும் என்று ஒருமுறை எழுதியிருந்தேன். ஆவி தண்ணீராக மாறும்போது தன்னிடம் இருக்கும் சூட்டை எல்லாம் தோலில் இறக்கிவிடுகிறது என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். படித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். பழைய தழும்பும் புதுத் தழும்புமாக இருந்தது.

"இத எழுதுததுக்கு எதுக்கு மாதுங்கா வரைக்கும் போறிய? என் கையப் பாத்து எழுதியிருக்கலாம்லா."

அவள் கையைப் பார்த்து எழுதியிருக்கலாம்தான். நான் பார்க்கவில்லை.

கைரேகை விஷயம் வந்தது அதற்குப் பிறகு. 'தாயின் வயிற்றில் இருக்கும்போதே விரலில் ரேகை உருவாகிவிடுகிறது. சாகும்வரை அது மாறுவதில்லை' என்று எழுதினேன். அது அச்சான அன்று மத்தியானம் அவள் ரேஷன் கடையிலிருந்து வியர்த்துப்போய் வந்தாள். பத்திரிகையை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"மாறாதாம்லா. எனக்கு அழிஞ்சே போச்சு. இத யாருட்ட போயிச் சொல்ல?"

அதுவரை வீட்டுக்கு அரிசி கோதுமை வாங்க என் பெருவிரல் போதுமாக இருந்தது. கார்டில் பெயர் இருக்கும் யாராவது ஒருவர் வைத்தால் சரி. என் விரல் பேனா பிடிக்கும் விரல், மெஷினில் வைத்த உடனே பச்சை விளக்கு எரியும். இப்போது ஒவ்வொருவரும் நேரில் வந்து விரல் வைத்துக் கேஒய்சி முடிக்க வேண்டும், முடிக்காதவர் பெயர் கார்டிலிருந்து போய்விடும் என்று கடையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கடைக்காரர் மராட்டிக்காரர், நல்ல மனுஷன். அவள் வலது பெருவிரலை வைத்தாள். சிவப்பு. இடது பெருவிரல். சிவப்பு. ஒவ்வொரு விரலாகப் பத்தையும் வைத்துப் பார்த்தார். விரலை நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னார். தலைமுடியில் தேய்க்கச் சொன்னார். எதற்கும் மெஷின் மசியவில்லை.

"மௌசி, ஆப்கா தோ அங்கூட்டா ஹீ நஹீ ஹை!" என்றார். சித்தி, உங்களுக்குப் பெருவிரலே இல்லையே என்று அவர் வேடிக்கையாகச் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு பம்பாய் வந்தபோது அவள் பெயர் எழுதின ஒரு துண்டுக் காகிதம்கூட அவளிடம் கிடையாது. முதலில் வந்தது இந்தக் கார்டு. பிறகு அதைப் புதுப்பித்தபோது குடும்பத் தலைவி என்று அவள் பெயரை மேலே போட்டார்கள். கேஸ் கனெக்‌ஷன், மகளின் பள்ளிக்கூடம், எல்லாமே அதைக் காட்டித்தான். எங்கள் சந்து முழுவதையும் இடிக்கப் போகிறார்கள், காகிதம் சரியாக இருப்பவர்களுக்குத்தான் வீடு என்று வேறு அப்போது பேச்சாக இருந்தது.

"பேர வெட்டிட்டான்னா நான் இங்க இருந்ததே இல்லன்னு ஆயிரும்லா" என்றாள்.

"ஒரு மெஷின் சொன்னா ஆயிருமாட்டி?"

"ஒங்களுக்கென்ன, நீங்க வச்சா எரியுது."

சந்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேங்காயெண்ணெய், எலுமிச்சைத் தோல், கிளிசரின், வாசலின். எல்லாம் தடவிக்கொண்டு ஐந்தாறு தடவை போய் வந்தாள். நான் பொறுக்கமாட்டாமல் புத்தகங்களையும் போனையும் புரட்டி விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ரேகை மேல்தோலில்தான் தேய்கிறது. அதன் அச்சு அடித்தோலில் பத்திரமாக இருக்கிறது. சோடாவும் மாவுப் புளிப்பும் இட்லித் தட்டைத் தேய்க்கிற நாரும் தினமும் மேல்தோலை அரித்துவிடுகின்றன. வேலையை நிறுத்தினால் பழைய தோல் உதிர்ந்து, புதுத் தோல் அதே ரேகையோடு வரும். அதே கோடு, அதே சுழி.

"கைக்கு ரெண்டு மாசம் லீவு குடு. தானா வரும்" என்றேன்.

"கைக்கு லீவு குடுத்தா வாய்க்கு யாரு குடுப்பா?" என்றாள் அவள்.

அதோடு அது எங்கள் வீட்டுக் கேலியாகிவிட்டது. மாவு கரைத்த கையோடு நிற்பாள், "லீவு எப்போ?" என்பேன். "ஒங்க வாய்க்கு மொதல்ல குடுங்க" என்பாள். ஒருநாள் இதயத்தைப் பற்றி எழுதிவிட்டு வந்து அதையும் அவளிடம் சொன்னேன். பிறந்ததிலிருந்து நிற்காமல் வேலை செய்வதாக நாம் நினைக்கிற இதயம், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ஓய்வெடுக்கிறது. கூட்டிப் பார்த்தால் வேலை செய்யும் நேரத்தைவிட ஓய்வு நேரம் அதிகம். "அதுவே லீவு எடுக்குது, ஒனக்கு என்ன?" என்று கேட்டேன். அவள் தட்டைக் கவிழ்த்து இட்லியைத் துணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்ட சமயம். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன இது அதிசயமா இருக்கு?"

"லீவு போட்டாச்சு. நீங்கதான சொன்னிய, ரெண்டு மாசம்னு."

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன அறிவியலை அவள் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. ஆபீசில் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்றிலிருந்து மேற்பார்வை மட்டும் அவளுடையது; மாவில் கை வைப்பதும் தேய்ப்பதும் தூக்குவதும் பக்கத்து வீட்டுப் பெண். அந்தப் பெண்ணுக்கு மனைவி கூலி கூட்டிக் கொடுத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். பிழை திருத்த வைத்திருக்கும் லென்ஸ். மூன்றாவது வாரம் பெருவிரலின் ஓரத்தில் மெல்லிசாக நாலைந்து கோடுகள் தெரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் அவள் கையை அத்தனை நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

கையை மட்டும்தான் பார்த்தேன். அவள் கால் வீங்கியது. நின்று நின்று வேலை பார்த்த கால், ரத்தம் கீழே தேங்குகிறது, உட்கார்ந்ததும் சரியாகிவிடும் என்று காரணம் சொன்னேன். மெட்டி இறுகுகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டாள். சாயங்காலத்தில் எல்லோருடைய காலும் கொஞ்சம் பெருக்கும், செருப்புக்கூட சாயங்காலம்தான் வாங்க வேண்டும் என்றேன். அதை ஒரு துணுக்காகவும் எழுதினேன். இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள். படுத்தால் இருமினாள். பக்கத்துப் பட்டறைத் தூசி என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். என் விளக்கங்களை அத்தனை மரியாதையாக அவள் கேட்டதே என்னை உஷாராக்கியிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் முடிந்து கடைக்குப் போனோம். விரலை வைத்தாள். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பச்சை எரிந்தது. "அரே வா, மௌசி!" என்று கடைக்காரர் கையைத் தட்டினார். அவள் தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திரையில் தன் பெயருக்கு நேராக விழுந்த பச்சை டிக்கைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். இனிமேல் வெட்ட முடியாதே என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு தோல்பைக் கடைப் படியில், ஒரு கோயில் வாசலில், பிறகு வெறும் நடைபாதைத் திட்டில். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, ஆபீசுக்கு நேரமாகிறதே என்று.

"ரேகக்காரி மெதுவாத்தான் நடப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பதற்கு முன் ஒரு மூச்சு எடுத்தாள். அதுவும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அந்த வாரமே எழுதினேன். 'தேய்ந்த கைரேகை திரும்ப வருமா? வரும். ஓய்வு கொடுத்தால் போதும்.' படித்துவிட்டு, "என் வெரலையும் பத்திரிகையில ஏத்தியாச்சா" என்றாள்.

அதற்குப் பதினோராம் நாள் செம்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று மாடி ஏறி, கதவுக்கு முன்னால் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை மாதமாக மூச்சு வாங்குகிறது என்று கேட்டார்.

"மூச்சு வாங்குறதா? அப்படி எதுவும் இல்லையே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதயம் பெருத்துப் பலவீனமாகிவிட்டது, இது ஒருநாளில் வந்தது இல்லை, காலில் நீர், நுரையீரலில் நீர் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் ஏற்கெனவே வீட்டில் ஒரு காரணம் சொல்லியிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் தாராவியிலிருந்து ஓடிவந்தாள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணாச்சி, எனக்குத் தெரியும். சத்தியம் வாங்கிட்டாவ, அதான் சொல்லல."

மழை விட்ட அந்தச் சமயத்தில், கிரைண்டர் குழவியைத் தூக்கும்போது அவளுக்கு மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டாளாம். இருவருமாகத் தெரு முனை டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி, அதுவரை ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கேஒய்சி முடியட்டும், படுத்துவிட்டால் யார் விரல் வைப்பது, பெயர் போய்விடுமே என்று இவள் தள்ளிப்போட்டிருக்கிறாள். திடீரென்று வேலையை நிறுத்தினால் நான் ஏன் என்று கேட்பேனே? அதற்குத்தான் என் இரண்டு மாத லீவு. நானே தயாராகச் செய்து கொடுத்திருந்த காரணம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று நான் கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"அவியளுக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டாவ. இதயத்தப் பத்தி உள்ளதெல்லாம் படிச்சு வச்சிருக்காவ, ஒண்ணொண்ணாச் சொல்லிச் சொல்லியே என்னயக் கொன்னுருவாவன்னு சிரிச்சாவ அண்ணாச்சி."

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கே உடம்பைப் பற்றிச் சொன்னவனிடம், அவள் தன் உடம்பைப் பற்றிச் சொல்லப் பயந்திருக்கிறாள்.

உள்ளே போனபோது முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் மிருதுவாகியிருந்த கை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவளே மாஸ்க்கை லேசாக நகர்த்தினாள்.

"அந்த இதய விசயம் ஒண்ணு சொன்னியள்லா. துடிக்கதுக்கு நடுவுல... அதச் சொல்லுங்க."

"துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல ஓய்வெடுக்கும்" என்றேன்.

"எடுக்கட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். அந்த விஷயத்தில் ஒரு பாதியை நான் அவளிடம் சொல்லவே இல்லை. இதயம் வேகமாக அடிக்கும்போது முதலில் குறைவது அந்த ஓய்வுதான். அவளுக்கு அது வெகுநாளாகக் கிடைக்காமல் இருந்திருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து நான் தாராவிக்கு வந்தேன். மகள் செம்பூரிலேயே தங்கச் சொன்னாள், முடியவில்லை. மத்தியானத்தில் பக்கத்து வீட்டுப் பெண் தனியாகக் கிரைண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் பத்திரிகையில் பாதி நாள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் அரிசி களைந்து கொடுத்தேன். பிறகு குழவி தூக்கினேன். பிறகு சோடா போட்டுத் தட்டுகளைத் தேய்த்தேன். அவள் நின்ற இடத்தில் நின்று அவள் செய்ததைச் செய்தால்தான் எனக்கு அந்தப் பகல் நகர்ந்தது. முதல் வாரமே மணிக்கட்டில் ஆவி அடித்துத் தோல் உரிந்தது. ஆவி மோசமாகத்தான் சுடுகிறது. துணுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். விளம்பரம் வராத நாளில் இப்போது யாரோ சமையல் குறிப்பு போடுகிறார்கள்.

ஐந்து மாதம் கழித்து மகள் போன் செய்தாள்.

"பப்பா, அம்மா நேம் கார்ட்லேர்ந்து கட் பண்ணணும். இல்லன்னா ப்ராப்ளம் ஹோகா. டெத் சர்டிபிகேட் எடுத்துட்டுப் போங்க, பிளீஸ்." சொல்லும்போதே அழுதாள். அவள் சொன்னது சரிதான். இல்லாத ஆளின் பெயரில் அரிசி வாங்கக் கூடாது.

போனேன். கடைக்காரர் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு மெஷினைத் திறந்து எங்கள் கார்டை எடுத்தார். மேலே அவள் பெயர், நேராகப் பச்சை டிக். அதை நீக்கி என் பெயரைக் குடும்பத் தலைவராகப் போட என் விரல் வேண்டும் என்று மெஷினை என் பக்கம் திருப்பினார்.

பெருவிரலை வைத்தேன். சிவப்பு எரிந்தது.

துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. நெற்றியில் தேய்த்து வைத்தேன். சிவப்பு. கடைக்காரர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரல் நுனி வழவழவென்று, ஆங்காங்கே வெடித்து, மாவு வெள்ளை ஏறிக் கிடந்தது. எனக்கு அது என் கையாகத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து நான் பார்த்த கை அது.

"சாச்சா, ஹாத் கோ தோடா ஆராம் தோ" என்றார். சித்தப்பா, கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். "அபீ தூஸ்ரி உங்லீ லகாவோ." மற்ற விரல்களை வைக்கச் சொல்கிறார். பாக்கி ஒன்பது இருந்தது.

நான் கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். பிறகு வருகிறேன் என்று ஹிந்தியில் சொன்னேன். எப்போது என்று அவர் கேட்டார். ரேகை வந்ததும் என்றேன்.

திரையில் அவள் பெயர் அப்படியேதான் இருந்தது. வீட்டுக்கு வந்து, ஊறப் போட்டிருந்த இட்லித் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண், "நீங்க வைங்க அண்ணாச்சி, நான் தேய்க்கேன்" என்றாள். வேண்டாம் என்றேன். சோடாவை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.